இமையைத் திருத்தியபோது இறங்கிய புருவம்

இடது கை ஆள்காட்டி விரலால் இடது புருவத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி வலது கையால் மதிப்பெண் இடும் வழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் திருத்தும் முகாமில் எதிரே அமர்ந்திருந்த ஆசிரியை ஒருவர் இரண்டாம் நாள் மாலையில், “என்ன டீச்சர், தலைவலியா? காலையிலேர்ந்து நெத்தியிலிருந்து கையை எடுக்கவே இல்லையே” என்று கேட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன். தலைவலி இருந்தது உண்மைதான். மாலை நான்கு மணியானால் நெற்றியின் குறுக்கே துணியை முறுக்கிக் கட்டியதுபோல் ஓர் இறுக்கம் வரும். அது கண்ணாடியின் குறை என்று எண்ணி இரண்டு முறை கண்ணாடியை மாற்றியிருந்தேன். விரலால் புருவத்தைத் தூக்கினால் இறுக்கம் சற்றுத் தளர்கிறது என்பதை என் கை கண்டுகொண்டிருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. மேலிமையின் தோல் தொய்ந்து, வெளிப்பக்க ஓரத்தில் இமைமயிரின்மேல் கூரைபோல் கவிந்திருந்தது. நெற்றியில் நான்கு ஆழமான கோடுகள் விழுந்திருந்தன; குங்குமத்துக்கு மேல் இடும் திருநீற்றுக் கீற்று அந்தச் சுருக்கங்களில் தேங்கிக் குறுக்குக் கோடாகத் தெரிவதாக என் மகள் கேலி செய்வாள். தொய்ந்த இமையும் சுருங்கிய நெற்றியும் முதுமையின் இரு வேறு அடையாளங்கள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒன்றின் சுமையை மற்றொன்று தூக்கிக்கொண்டிருக்கிறது என்பது தெரியவர எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது.

அந்தத் தவறு மகளின் திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஓர் அழகுசாதன மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் நெற்றிக் கோடுகளைப் பார்த்து, தசையைச் சில மாதம் அசையவிடாமல் செய்யும் போடாக்ஸ் ஊசி போட்டால் இரண்டே வாரத்தில் மறையும் என்றார்கள். கோடுகள் ஏன் விழுந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை, இமையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்னபடி கோடுகள் மறைந்தன. ஆனால் பத்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது புருவம் இரண்டும் கண்ணின்மேல் வந்து அமர்ந்திருந்தது போலிருந்தது. தூக்க முயன்றால் நெற்றி அசையவே இல்லை. இமைத்தோல் முன்பைவிட ஒரு மடிப்பு அதிகமாகக் கீழே தொங்கியது. திருமணப் படங்களில் தாரை வார்க்கும்போதுகூட நான் முகத்தை அண்ணாந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கர்வம் என்று நினைத்தவர்கள் இருக்கலாம், உண்மையில் இமைக்குக் கீழே மிஞ்சிய இடுக்கின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியின் வேலை தேய்ந்து நெற்றி பழையபடி அசைய மூன்றரை மாதம் ஆயிற்று. அது திரும்பி வந்தபோது கோடுகளும் திரும்பி வந்தன, பார்வையும் திரும்பி வந்தது. அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கோடுகளின்மேல் எனக்கு மரியாதை ஏற்பட்டது.

பிறகு, இமை, கண்ணீர்ப்பை, கண்குழி ஆகியவற்றை மட்டும் பார்க்கும் ஓகுலோபிளாஸ்டி மருத்துவர் ஒருவரிடம் போனேன். என் மகளைவிட நான்கைந்து வயதே மூத்தவர். அவர் முதலில் என் இமையைப் பார்க்கவில்லை, புருவத்தைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, இரு புருவங்களுக்கும் மேலே கட்டைவிரலால் இலேசாக அழுத்திக்கொண்டு, “இப்ப மெதுவா திறங்கம்மா” என்றார். திறக்க முயன்றேன், நெற்றி உதவிக்கு வர முடியாததால் இமை பாதியிலேயே நின்றுவிட்டது. பிறகு தொய்ந்த தோலை மேலே மடித்து மெல்லிய ஒட்டுநாடாவால் ஒட்டி, கால் மணி நேரம் வெளியே அமரவைத்தார். திரும்ப அழைத்துப் படம் எடுத்து, ஒட்டுமுன் எடுத்த படத்தின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் புருவம், குறிப்பாக இடது புருவம், தானாகவே கீழே இறங்கியிருந்தது. நெற்றிக் கோடுகளின் ஆழம் பாதியாகக் குறைந்திருந்தது. ஊசி இல்லாமல், ஓர் அங்குல ஒட்டுநாடாவால்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். புருவத்தை மேலே தூக்க நமக்கு இருக்கும் தசை ஒன்றே ஒன்று. நெற்றியில் பரந்திருக்கும் ஃப்ரண்டாலிஸ். கீழே இழுக்கவோ, கண்ணைச் சுற்றி வட்டமாக இருக்கும் ஆர்பிகுலாரிஸ், புருவங்களுக்கு இடையில் சுளிப்பை உண்டாக்கும் கொரகேட்டர், மூக்கின் வேரிலுள்ள ப்ரோசரஸ் என்று பல தசைகள் இருக்கின்றன. இந்தக் கயிறிழுப்பில் ஒரு பக்கம் ஓர் ஆள், மறுபக்கம் ஒரு கூட்டம். அந்த ஓர் ஆளின் பிடியும் புருவத்தின் வெளிக்கோடி வரை எட்டுவதில்லை. நெற்றித் தசை நெற்றியின் பக்கவாட்டிலுள்ள எலும்பு விளிம்போடு முடிந்துவிடுவதால் வயதாகும்போது புருவத்தின் வால்பகுதிதான் முதலில் சரிகிறது, இமையின் வெளியோரம்தான் முதலில் கவிகிறது. தொய்ந்த தோல் மேற்பார்வையை மறைக்கத் தொடங்கியதும் நாம் அறியாமலேயே மூளை நெற்றித் தசைக்கு ஆணையிடுகிறது. அது விழித்திருக்கும் நேரமெல்லாம் புருவத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. மாலையில் வரும் இறுக்கமும் வலியும் அந்த வேலைக்கான கூலி. தொய்ந்த தோலை அறுவையில் வெட்டி மறைப்பை அகற்றிவிட்டால் தூக்க வேண்டிய தேவை இல்லை, ஆகவே தசை ஓய்வெடுக்கும். ஓய்வெடுத்தால் புருவம் இறங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் அவர் சொன்னார். எல்லோருக்கும் இப்படி இறங்குவதில்லை. பலருக்கு மாற்றம் கண்ணுக்கே தெரியாது, தெரிந்தாலும் சில மில்லிமீட்டர்களுக்குள்தான் இருக்கும். யார் நெற்றியால் எவ்வளவு தூக்குகிறார் என்பதைப் பொறுத்தது அது. ஆகவே யாருக்கோ நடந்ததை வைத்து நமக்கு நடக்கப்போவதைக் கணக்கிட முடியாது. ஒட்டுநாடாச் சோதனை போன்ற ஒன்றை நம் முகத்திலேயே செய்து பார்க்க வேண்டும்.

என் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. என் இடது புருவம் வலதைவிட உயரமாக இருப்பதை நான் பிறவிக் கோணல் என்று விட்டுவிட்டேன். மருத்துவர் சிறு விளக்கை நேரே பிடித்து, கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் மேலிமை விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தார். இயல்பாக அது 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். எனக்கு வலது கண்ணில் 4 இருந்தது, இடது கண்ணில் இரண்டரைதான். அதாவது இடப்பக்கம் தோல் மட்டும் தொய்யவில்லை. இமையைத் தூக்கும் லெவேட்டர் தசையின் நாண் தளர்ந்து இமையே இறங்கியிருந்தது. இதற்கு டோசிஸ் என்று பெயர். இறங்கிய இமையை ஈடுகட்டத்தான் அந்தப் பக்கப் புருவம் கூடுதலாக ஏறியிருந்தது. தோலை மட்டும் வெட்டியிருந்தால் இந்தக் குறை அப்படியே நின்றிருக்கும், அல்லது மறைப்பு விலகியதால் முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

அவர் என் இடது இமையை விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வலது இமை என்ன செய்கிறது என்றும் பார்த்தார். இரு கண்களுக்கும் நரம்பின் ஆணை சமமாகவே போகிறது என்பது ஜெர்மானிய உடலியங்கியலாளர் எவால்ட் ஹெரிங் 1868-இல் விழி அசைவைப் பற்றி வகுத்த விதி. இமை தூக்கும் தசைகளுக்கும் அது பொருந்துகிறது. ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மூளை இரு பக்கமும் சேர்த்து அதிக விசை கொடுக்கும். இறங்கிய பக்கத்தைச் சரிசெய்ததும் விசை குறையும். அதுவரை நன்றாக இருந்த மறுபக்கம் சோர்ந்து இறங்கலாம். சமன்பாட்டில் ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் மாறும் என்று முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியவளுக்கு இது உடனே விளங்கியது. நல்ல வேளையாக என் வலது இமை அவ்வளவாக அசையவில்லை. வலப்பக்கம் தோல் மட்டும், இடப்பக்கம் தோலும் நாணும் என்று முடிவாயிற்று.

முடிவெடுக்க மிகுந்த நேரம் பிடித்தது வேறொரு கேள்விக்கு. புருவம் இறங்கும் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிவிட வேண்டாமா? வழிகள் இருந்தன. இமையில் போடும் அதே கீறலின் வழியாகப் புருவத்தின் அடித்தசையை எலும்புறையோடு தைத்து நிறுத்தலாம். புருவத்துக்கு மேலேயே தோலை நறுக்கித் தூக்கலாம், ஆனால் தழும்பு தெரியலாம். தலைமயிருக்குள் சிறு துளைகள் இட்டு உட்காட்டி (எண்டோஸ்கோப்) வழியாக நெற்றியையே மேலேற்றலாம், அதில் நெற்றியும் உச்சந்தலையும் சில மாதங்கள் மரத்துப்போகக்கூடும். என் புருவம் இறங்கினாலும் கண்குழி எலும்பின் விளிம்புக்குக் கீழே போகாது என்று மருத்துவர் படங்களைக் காட்டிச் சொன்னதால் புருவத்தைத் தொட வேண்டாம் என்றேன். இது என் முகத்துக்கான கணக்கு மட்டுமே.

ஆனால் ஒன்றை யாராக இருந்தாலும் கேட்டாக வேண்டும் என்பேன்: எவ்வளவு தோல் எடுப்பீர்கள் என்பதைவிட, எவ்வளவு தோல் மிச்சம் வைப்பீர்கள்? புருவத்தின் கீழ்விளிம்பிலிருந்து இமைமயிர் வரை ஏறத்தாழ 20 மி.மீ. தோல் மிஞ்சியிருந்தால்தான் கண் முழுதாக மூடும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பொதுவான அளவு. இமையின் பாரத்துக்குக் காரணம் இறங்கிய புருவமாக இருக்கும்போது, அதை இமைத்தோலை வெட்டித் தீர்க்கப் பார்த்தால் வெட்ட வெட்டப் புருவம் இன்னும் கீழே இழுக்கப்படும், கண்ணும் மூடாது. அழகுக்காகச் செய்துகொண்டு, இரவில் கண் மூடாமல் தவிக்கும் நிலை அப்படித்தான் வருகிறது. அரிசி களைவதுபோல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எடுக்கும் வேலையன்று இது. தோல் மிஞ்சினால் பின்னால் எடுக்கலாம். குறைந்துபோனால் வேறோரிடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும்.

அறுவைக்கு முன்பு, பார்வை எவ்வளவு பரப்புக்கு எட்டுகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒருமுறை இமையை அப்படியே விட்டு, ஒருமுறை நாடாவால் ஒட்டி. இரண்டு தாள்களையும் ஒப்பிட்டபோது மேற்பார்வையில் எவ்வளவு இழந்திருக்கிறேன் என்பது கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. அழகுக்கான அறுவைக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. பார்வை மறைப்புக்காகச் செய்கிறோம் என்று கோர இத்தகைய தாள்கள் தேவைப்படும், ஆகவே அவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. கீழிமைக்குள் சிறு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் தொங்கவிட்டு எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் ஷிர்மர் சோதனையும் செய்தார்கள், 10 மி.மீ.க்கு மேல் நனைந்தால் கவலையில்லை. எனக்கு ஒன்பது. கண் உலர்ந்தவர்களுக்கும், லேசர் மூலம் பார்வை திருத்திக்கொண்டவர்களுக்கும், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. அதைக் கொடுத்த மருத்துவரையும் கலந்துதான் முடிவெடுக்க வேண்டும். மூட்டுவலிக்கு நான் அவ்வப்போது போடும் மாத்திரையும் அந்தப் பட்டியலில் வரும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அறுவை ஒன்றரை மணி நேரம் நடந்தது. முதலில் என்னை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் பேனாவால் கோடு வரைந்தார். படுத்தால் புருவம் மேலே நழுவிக் கணக்கு மாறிவிடுமாம். மரத்துப்போகும் ஊசி தேள் கொட்டியதுபோல் சுரீரென்றது, அதன்பின் வலி இல்லை, இழுப்பு மட்டும் தெரிந்தது. இடது நாணைத் தைக்கும்போது, “டீச்சர், கண்ணைத் திறந்து விட்டத்தைப் பாருங்க, நெத்தியைச் சுருக்காதீங்க” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். பல ஆண்டுப் பழக்கத்தில் கண்ணைத் திற என்றால் நெற்றியும் சேர்ந்து எழுந்தது. செவிலியர் நெற்றியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்ட பிறகே இமையால் மட்டும் கண்ணைத் திறப்பது எப்படி என்று எனக்குப் பிடிபட்டது.

முதல் இரண்டு நாள் விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்குப் பத்து நிமிடம் ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்த தூக்கம். குனிந்து கோலம் போடுவது, எண்ணெய்க் குளியல், கனமானதைத் தூக்குவது எல்லாம் இரண்டு வாரத்துக்குக் கூடாது. ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் குளிர்ச்சி என்று மாமியார் அன்போடு கிண்ணத்தை நீட்டினார். மருத்துவர் தந்த களிம்பைக் காட்டித் தப்பித்தேன். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். இரத்தக்கட்டு நாவல்பழ நிறத்திலிருந்து மஞ்சளாகிப் பன்னிரண்டாம் நாள் மறைந்தது. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். ஆனால் அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ ஒரு கண்ணில் மட்டும் தாங்க முடியாத வலி வந்து, கண் முன்னே பிதுங்கி, பார்வை மங்கினால் காலை வரை காத்திருக்கவே கூடாது, நள்ளிரவானாலும் உடனே வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்ணின் பின்னால் இரத்தம் கசிந்து பார்வை நரம்பை அழுத்துவது மிக அரிது, ஆனால் அதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அந்தத் தாளை என் கணவர் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

நான் எதிர்பாராதது உலர்வு. இரண்டாம் வாரம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். காற்றடித்தால் தாரையாக நீர். ஓர் இரவு என் கணவர் எழுப்பி, “உன் கண்ணு முழுசா மூடலை, நூல் கனத்துக்கு வெள்ளை தெரியுது” என்றார். வீக்கமும், கீறல் பட்ட ஆர்பிகுலாரிஸ் தசையின் தற்காலிகச் சோர்வும் சேர்ந்து இமையை முழுதாக மூட விடவில்லை. பகலிலும் சிமிட்டல் அரைகுறையாக இருந்தது. இடது கண் முன்பைவிட அகலமாகத் திறந்ததால் கண்ணீர் விரைவாக உலர்ந்தது. மின்விசிறி நேர் மேலே இல்லாதபடி கட்டிலை நகர்த்தினோம். இரவில் களிம்பு, பகலில் இரண்டு மணிக்கொருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. ஆறாம் வாரத்தில் அந்த நூல் இடைவெளி மூடிவிட்டது. சொட்டு மருந்து மட்டும் தாள் திருத்தும் நாள்களில் இன்றும் தேவைப்படுகிறது. இதை முன்கூட்டியே எனக்குச் சொன்னார்கள். ஆனால் புருவத்தைப் பற்றிக் கேட்ட அக்கறையோடு நான் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

புருவம் ஒரே நாளில் இறங்கவில்லை. முதல் மாதம் வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தால் நெற்றி தூக்கிக்கொண்டேதான் இருந்தது. மூன்றாம் மாத அளவையில் இடது புருவம் 3 மி.மீ., வலது ஒன்றரை மி.மீ. இறங்கியிருந்தன. இரண்டும் இப்போது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. மருத்துவருக்கு நிறைவு, எனக்கு, உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் வருத்தம். கண்ணாடியில் தெரிந்த பெண்ணின் கண் தெளிவாக இருந்தது, ஆனால் முகம் சற்றுக் கடுமையாக இருந்தது. காணொளியில் அழைத்த மகள், “ஏம்மா, எம்மேல எதுவும் கோபமா?” என்று கேட்டாள். இத்தனை காலமும் எல்லோரும் என் சுபாவம் என்று எண்ணியிருந்த அந்த வியப்புப் பார்வை, தசையின் உழைப்பால் வந்தது. அதற்குப் பழகிய கண்களுக்கு இயல்பான முகம் கோபமாகத் தெரிந்தது. அலமாரியிலிருந்து முப்பது வயதுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் புருவம் தாழ்வாகத்தான் இருந்தது. அறுவைக்கு முன்பே இத்தகைய பழைய படங்கள் இரண்டு மூன்றை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் அந்த ஒரு வார வருத்தமும் இருந்திருக்காது.

தலைவலி எந்த நாளில் நின்றது என்று சொல்ல முடியவில்லை. மாலை நான்கு மணியைக் கவனிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எல்லாத் தலைவலிக்கும் இமை காரணமாகாது, எனக்கு மாதமொருமுறை வரும் ஒற்றைத் தலைவலி அப்படியேதான் இருக்கிறது. நெற்றியை இறுக்கும் அந்த வலி மட்டும் போயிற்று. கோடுகள் முற்றாக மறையவில்லை, மேலோட்டமாகிவிட்டன. திருநீறு இப்போது இட்ட இடத்தில் நிற்கிறது.

சென்ற மாதம் என் தங்கை வந்திருந்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள். எங்கள் அம்மாவின் இமை அவளுக்கும் வாய்த்திருக்கிறது. “அக்கா, நானும் செஞ்சுக்கட்டுமா? எனக்கும் புருவம் இறங்கிடுமா?” என்று கேட்டாள். நிலைக்கண்ணாடி முன் அவளை அமர்த்தி, தோலை மடித்து நாடா ஒட்டி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, காபி போட உள்ளே போனேன். கால் மணி நேரம் கழித்து வந்து இரண்டாவது படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவள் புருவம் மயிரிழையும் அசைந்திருக்கவில்லை. இமையின் பாரத்தைத் தூக்காமலேயே அவள் காலம் தள்ளியிருக்கிறாள் போலும். வீட்டில் செய்த சோதனையை நம்பி முடிவெடுக்காதே, முறையாக அளந்து பார்க்கட்டும் என்று சொல்லி அந்த இரண்டு படங்களையும் அவளுக்கே அனுப்பிவைத்தேன்.